வேப்பம்பூ உதிர்ந்த பங்குனி

கோப்பாய்,
யாழ்ப்பாணம்,
பங்குனி 21.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. தபால்காரர் படலையில் மணி அடித்த நேரம் நான் முற்றத்தில் ஒடியல் காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். துளி விழத் தொடங்கிவிட்டது. ஒரு கக்கத்தில் பாய், மற்றக் கையில் உன் கடிதம். விறாந்தைக்கு ஓடி வருவதற்குள் உறையின் மூலை நனைந்து, நீ எழுதிய 'கோப்பாய்' என்ற சொல் மட்டும் மை பரவிப் போயிற்று. உள்ளே ஒன்றும் பழுதில்லை. இரண்டு தரம் வாசித்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 'இந்த முறை வேப்பம்பூ வடகம் கொஞ்சம் அனுப்படி, அம்மா போன பிறகு நல்ல வடகம் வாயில் படவில்லை' என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தவுடன் எனக்கு நெஞ்சு என்னவோ செய்தது. ஏனென்றால் இந்தப் பங்குனியில் பூ கைக்கு வரவில்லை. மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

கிணற்றடி வேம்பு உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் ஊஞ்சல் கட்டிய அந்தக் கிளை இப்போது இல்லை, மரம் நிற்கிறது. மாசி முடிய இலை உதிர்த்துத் தளிர்த்து, பங்குனி பிறக்கப் பூத்துக் கொட்டியது. முதல் இரண்டு நாளும் முற்றம் முழுக்கத் தேன் மணம். மூன்றாம் நாள் இரவு படுக்கப் போகுமுன் மரத்தடியைக் கூட்டிப் பழைய சேலை ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு வந்தேன். விடியப் பார்த்தால் தூறல். சேலையைத் தூக்கினேன். பூவெல்லாம் சோற்றுப் பருக்கை மாதிரித் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை போய்ப் பழுப்பாகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன், மணமே இல்லை, நனைந்த துணி வாசம்தான். மனம் கேளாமல் கிள்ளி எடுத்துச் சுளகில் பரப்பிக் காற்றாடியின் கீழ் வைத்தேன். மூன்றாம் நாள் சுளகின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அவ்வளவுதான், கொண்டுபோய் வாழையடியில் கொட்டினேன். பூ மட்டும் கிடைத்தால் போதாது. உழுந்து அரைத்துக் குழைத்துத் தட்டினால் நாலு நாளாவது நல்ல வெயில் எறிக்க வேண்டும். தொடர்ந்து நாலு நாள் வெயில் இங்கே கண்டு மூன்று கிழமையாகிறது.

இங்கே பங்குனி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மாரி முடிந்து, பனி முடிந்து, நிலம் கொதிக்கத் தொடங்கும் மாதம். ஆண்டில் மழை குறைந்த மாதங்களில் அதுவும் ஒன்று. இந்த முறை காலையில் மந்தாரம், பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில், மத்தியானம் திரும்ப இருட்டு, பின்னேரம் ஒரு பாட்டம் மழை. பிறகு விட்டுவிடும். சரி, விட்டது என்று கொடியில் உடுப்பை விரித்தால் திரும்பவும் தூறும். 32, 33 பாகைக்குப் போக வேண்டிய பகல் வெப்பம் சில நாட்களில் 28ஐத் தாண்டவில்லை. இரவில் கூதல் அடித்து, மார்கழிக்குப் பிறகு மடித்து வைத்த போர்வையைத் திரும்பவும் எடுத்தேன். காற்றுக்கும் ஒரு திசை இல்லை. விடியற்காலை வாடை, பதினொரு மணிக்குக் கொண்டல், சில பின்னேரங்களில் ஓலை கூட அசையாது.

படிப்பித்த பழக்கம் விடாது, கொஞ்சம் பொறு. பங்குனியும் சித்திரையும் முதலாம் இடைப்பருவக் காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும், தென்மேற் காற்று இன்னும் பிடித்திருக்காது. காற்று பலம் குறைந்து, நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகிப் பின்னேரத்தில் இடியோடு பெய்யும். மேற்காவுகை மழை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்த மழையும் பெரும்பாலும் தெற்கிலும் மலைநாட்டுப் பக்கமும்தான். மலை இல்லாத நம் குடாநாட்டுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம். இந்த முறை கிழக்குக் கடலிலும் குழப்பம் சேர்ந்துகொண்டதால்தான் நாள் முழுக்க இந்த மந்தாரம். அப்படி முன்பும் நடந்திருக்கிறது. 2022 மார்ச் முதற் கிழமையில் வங்காள விரிகுடாவில் ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று உருவாகி நம் கிழக்குக் கரைப் பக்கமாகப் போனது. அந்த மாதத்தில் அப்படி வருவது அரிது. அடுத்த வருஷம் பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொன்று கிழக்குக் கரையில் ஏறியது. தைக்குப் பிறகு கடல் அடங்கிவிடும் என்று எங்கள் அப்பு சொல்வார். அவர் காலத்துக் கணக்கை நம்பி இப்போது ஒடியல் காயப்போட முடியவில்லை.

பிரித்தானியாவில் உங்கள் ஊரிலும் இதே கதை என்று நீ எழுதியதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஜன்னலடியில் இருந்து எழுதத் தொடங்கியபோது வெயில், இரண்டாம் பக்கத்தில் ஆலங்கட்டி, கையெழுத்துப் போடும்போது வானவில் என்று எழுதியிருந்தாய். பிரித்தானியக் காலநிலை என்று ஒரு பாடத்தை நானும் பரீட்சைக்காகப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாய்ச் சொல்லிக் கொடுத்தவள்தான். அந்தப் பாடத்துக்குள் நீ குடையோடு நடந்து போகிறாய் என்று நினைக்க இப்போதுதான் அது உண்மையான இடமாகத் தெரிகிறது. வடக்கிலும் வடமேற்கிலும் இருந்து வரும் காற்று உயரத்தில் நன்றாகக் குளிர்ந்து கிடக்கும். கீழே, பகல் நீள நீள வெயில் நிலத்தைச் சூடாக்கும். சூடான காற்று விறுவிறென்று ஏறி முகிலாகி, மத்தியானத்துக்குப் பிறகு கொட்டும். பொழுதுபட நிலம் குளிர, முகிலும் கரைந்துவிடும். சுற்றியிருக்கும் கடலும் மாசி, பங்குனியில்தான் மிகக் குளிர்ந்து கிடக்கிறது. அதனால்தான் வெயில் எறித்தாலும் காற்றில் அந்தக் குளிர். நம் கடல் இந்த மாதங்களில் சூடேறிக்கொண்டு போகிறது, உன் கடல் இப்போதுதான் குளிர் விடத் தொடங்குகிறது. ஆனாலும் உன் முற்றத்து மழையும் என் முற்றத்து மழையும் ஒரே வழியில்தான் மேலே ஏறி இறங்குகின்றன. கூட்டல் கணக்கு மாதிரி இதை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோது அது வேறு மாதிரி இருந்தது.

தக்காளிக் கன்றுகளை வெளியே வைக்க அவசரப்படாதே. மே நடுப்பகுதி வரை உறைபனி விழக்கூடும் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு பாகைக் குளிரில் அவை வெளியே நின்று என்ன செய்யும்? உருளைக்கிழங்கு நட்டது நல்லது, அது மண்ணுக்குள் பத்திரமாய் இருக்கும். முளை வெளியே தெரியும் நாட்களில் மட்டும் இரவில் எதையாவது போட்டு மூடிவிடு.

இங்கே தோட்டக்காரர் பாடுதான் கவலை. பக்கத்து வளவுத் தம்பி நாலு பரப்பில் வெங்காயம் வைத்திருந்தான். கிண்டுகிற நேரத்தில் மழை. செம்மண் பிசின் மாதிரி வெங்காயத்தில் ஒட்டிக்கொண்டது. கிண்டியதைப் பிடி கட்டித் தொங்கவிடவும் காய்ந்த இடம் இல்லை. எங்கள் விறாந்தையின் ஒரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். இப்போது நான் கதிரையில் இருந்து எழுத, தலைக்கு மேலே வளை நீளத்துக்கு வெங்காயப் பிடிகள் தொங்குகின்றன. அழுகினது எது என்று மணத்திலேயே தெரிகிறது. காலையும் மாலையும் அவன் மனைவி வந்து ஒவ்வொரு பிடியாய்த் தடவிப் பார்த்து, மெத்தென்று இருப்பதைக் கிள்ளி எறிகிறாள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசுவதில்லை. கிள்ளியதை எண்ணுகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். புகையிலைக்காரரும் மழையைத் திட்டுகிறார்கள். கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் பூவும் பிஞ்சுமாய் நின்றதில் பாதி கறுத்து விழுந்துவிட்டது.

ஆனால் கிணற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மழைக்கு நான் அநியாயம் செய்ததாகும். நமக்கு ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுவதுதான். ஆண்டுக்கு 1250 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் தேங்கும் அந்தத் தண்ணீரைத்தான் வருஷம் முழுக்கக் குடிக்கிறோம், இறைக்கிறோம். அடியில் உப்புநீர், அதன்மேல் நன்னீர் மிதக்கிறது. கூட இறைத்தால் உப்பு மேலே ஏறும். நாலாம் வகுப்பில் நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சொன்னார்களே, நம் கிணறுகளின் கதையும் அதுதான்.

பங்குனித் தூறல் கிணற்றை நிரப்பாது. ஒரு விரற்கடை கூட உயர்ந்ததாய் நான் காணவில்லை. ஆனால் மழை பெய்த ஐந்து நாளும் சுற்றிவர ஒரு மோட்டார்ச் சத்தமும் கேட்கவில்லை. விடிய நாலு மணிக்கே தொடங்கும் இரைச்சல் இல்லாமல் முதல் நாள் எனக்கு நித்திரையே குழம்பிப் போயிற்று. ஆறாம் நாள் தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். இந்த மாதத்தில் வழக்கமாய் நாக்கில் தட்டும் அந்த மெல்லிய சவர் இல்லை. கிணற்றுக்குக் கிடைத்த ஓய்வு அது. வெங்காயக்காரத் தம்பியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலுக்குப் பொங்கப் போனோம். பங்குனித் திங்களுக்கு நீயும் நானும் உன் அம்மாவோடு வண்டிலில் போன வழிதான், கைதடிப் பாலத்தால். இரண்டு பக்கமும் தண்ணீர் சாம்பல் நிறமாய்க் கிடந்தது, கொக்குகள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கோவிலடியில் எத்தனையோ அடுப்பு. பானை பொங்கி வரும் நேரம் பார்த்து வானம் திறந்தது. ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்து அடுப்பில் ஒரு கிழவி, தன் தலையை மறந்து பானைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். விறகு புகைந்து கண் எரிந்தது. என் பேத்தி சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அடுப்பை ஊதினாள். பால் பொங்கி வழிந்தபோது மழைத் தண்ணீரும் பாலும் சேர்ந்து கல்லில் சீறின. எல்லா அடுப்பிலிருந்தும் குரவைச் சத்தம். நனைந்த சோற்றை வாழையிலையில் சூட்டோடு சாப்பிட்டோம். அந்தப் பொங்கலில் புகை மணம் இருந்தது. உன் அம்மா ஒரு பிடி உருட்டி முதலில் எனக்குத் தந்துவிட்டுத்தான் உனக்குத் தருவார். அந்த இடத்தில் நின்று அவரை நினைத்தேன்.

நீங்கள் கோடைக்காக மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியிருப்பீர்கள். இப்போது நமக்குள் நாலரை மணித்தியாலம்தான். உன் இரவு எட்டரைக்கு எனக்கு நடுச்சாமம் கழிந்துவிடும். ஆகவே ஞாயிறு காலையில் எடு. நான் பின்னேரத் தேத்தண்ணியோடு இருப்பேன். முழங்கால் நோவைப் பற்றி அப்போது பேசுவோம், எழுத ஒன்றும் இல்லை.

நேற்று நல்ல வெயில். அப்புறம் ஒன்று கண்டேன். வேம்பின் வடக்குப் பக்கக் கிளை, வீட்டு நிழலில் நிற்பது, பிந்திப் பூத்திருக்கிறது. மாலையில் சேலை விரித்தேன், இரவில் மழை இல்லை. விடியப் புடைத்து எடுத்தது இரண்டு சிறங்கை பூ. அரைக் கொத்து உழுந்து, நறுக்கிய வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு. அந்த வெங்காயம் தலைக்கு மேலே தொங்குவதில் கிள்ளியது, நல்லதாய்ப் பார்த்து. தட்டியதில் 46 வந்தது. தெரிந்த பிள்ளை ஒன்று வருஷப்பிறப்புக் கழிந்து லண்டன் வருகிறது, நாற்பதையும் உனக்கே அனுப்புகிறேன். ஆறு என் பேத்திக்கு.

அவை இப்போது முற்றத்தில் பாயில் காய்கின்றன. மேல்பக்கம் வெளுக்கத் தொடங்கிவிட்டது, அடிப்பக்கம் இன்னும் ஈரம். தெற்கே முகில் கறுக்கிறது. இடி கேட்கிற மாதிரியும் இருக்கிறது. நான் பாயை எடுத்துவிட்டு வருகிறேன், மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.

அன்புடன்,
உன் கிணற்றடித் தோழி