ஸ்பெயின் பெர்செபெஸ் நம் கடைக்கு ஏன் வருவதில்லை

வணக்கமுங்க.

பனியன் ஆர்டர் விஷயமாக ஸ்பெயின் போய்வரும் நம் திருப்பூர் வாடிக்கையாளர்கள் சிலர், அங்கே சாப்பிட்ட ஒன்றைப் போட்டோவில் காட்டி, "இதை வரவழைச்சுத் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். கறுத்த தடித்த காம்பு, நுனியில் நகம் நகமாக ஓடு. பெயர் பெர்செபெஸ். எங்களால் முடியாதுங்க. அதை ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப மனசு வராமல்தான் இந்த மடல்.

பார்வைக்குச் சிப்பி போலிருந்தாலும் இது இறால், நண்டு வகையறா. நம் கரைகளில் பாறையிலும் படகின் அடியிலும் அப்பிக்கிடக்கும் கொட்டலசுக்குச் சொந்தம். ஆராய்ச்சிக்காரர்களே வெகுகாலம் இந்த இனத்தைச் சிப்பிக் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். 1830இல் ஜான் வாகன் தாம்சன் என்ற ஆராய்ச்சிக்காரர் குஞ்சுகள் வளர்வதைக் கவனித்துச் சொன்ன பிறகுதான் உண்மை விளங்கியது. குஞ்சுப் பருவத்தில் கடலில் நீந்தித் திரியும். இடம் பிடித்துப்போனால் தலையைப் பாறையில் வைத்து, தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழாக நின்றபடியே, கால்களை விசிறியாக விரித்து, அலை கொண்டுவரும் இரையை வாரித் தின்னும்.

அலை ஓங்கி அறையும் பாறைதான் இதற்கு வேண்டும். ஸ்பெயினின் கலீசியா கரையில் நீர் வற்றும் நேரம் பார்த்து, கயிறு கட்டி இறங்கி, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் பெயர்த்தெடுக்கிறார்கள். உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்கலாம். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். குஞ்சுகளில் ஏராளமானவை வளர்ந்ததன் காம்பிலேயே வந்து ஒட்டுகின்றன. ஒரு கொத்தைப் பெயர்த்தால் பிள்ளைகளும் கூடவே போகும், வாழைத்தார் வெட்டப்போன இடத்தில் பக்கக்கன்றையும் சேர்த்துத் தோண்டிய கதையாக. தவிர, இது உயிரோடு கொதிநீரில் விழவேண்டிய பண்டம். விமானம் மாறி மாறி வந்து நம் வெயிலில் இறங்கியதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்களுக்குத் தைரியமில்லை.

அங்கே போனால் தாராளமாகச் சாப்பிடுங்க. சூடாக இருக்கும்போதே நகத்தைப் பிடித்து, காம்புத் தோலைத் திருகி இழுத்தால் உள்சதை வரும்; தண்ணீர் பீய்ச்சும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்க. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தொடவேண்டாம். நம் கடற்கரையில் ஒதுங்கும் மரக்கட்டைகளில் காம்போடு தொங்குவது வேறு வகை. அதைப் பிய்த்துவந்து சமைக்காதீங்க.

பாறையில் வளர்ந்ததைத்தான் ருசிக்கணும் என்றால் கேரளத்துக் கல்லுமக்காய்ச் சிப்பி இருக்கிறது. முதல் நாளே சொல்லிவையுங்க, நார் எடுத்துக் கழுவித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மீன்கடை, திருப்பூர்