பிழை பிடிக்கும் வினா: வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வர்த்தமானியில் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்ததுமே திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கமும் போட்டிப் பரீட்சை வகுப்புச் சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் இலக்கண விதிகளின் போட்டோப் பிரதிக் கட்டு ஒன்றுதான். வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவுக்கு அந்தக் கட்டு போதாது. விதியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, காதில் ஒன்றும் உறுத்தவில்லை என்று ‘பிழை இல்லை’ போட்டுவிட்டு வருகிறது. உறுத்தாததில் வியப்பில்லை. அது தமிழ் கேட்டு வளர்ந்த காது.

பேச்சில் ‘புத்தகம் இருக்கு’, ‘புத்தகங்கள் இருக்கு’ என இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் போடுகிறோம். அதனால் ‘த லிஸ்ட் ஒஃப் கேண்டிடேட்ஸ் ஃப்ரொம் கிண்ணியா அண்ட் மூதூர் வேர் டிஸ்பிளேய்ட்’ என்று வாசிக்கும்போது எதுவும் இடறாது. செய்ய வேண்டியது இது: முதலில் வினைச்சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போய் எழுவாயைத் தேடுங்கள். ‘ஒஃப்’ தொடங்கி வினை வரைக்கும் உள்ள சொற்களை அடைப்புக்குறிக்குள் தள்ளினால் எஞ்சுவது ‘த லிஸ்ட் வேர்’. பட்டியல் ஒன்றுதான், ஆகவே ‘வொஸ்’. ‘டுகெதர் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ என்று தொடங்கும் பகுதியையும் இப்படியே தள்ளிவிடலாம், அது எழுவாயின் எண்ணிக்கையைக் கூட்டாது. ‘நைதர், நோர்’ போன்ற சோடிகளுக்கு வினைக்குக் கிட்ட நிற்கும் பெயரைப் பார்க்க வேண்டும். ‘வன் ஒஃப்’ வந்தால் அடுத்த பெயர் பன்மை, வினை ஒருமை. ‘வன் ஒஃப் மை ஃப்ரெண்ட்’ என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. ‘த நம்பர் ஒஃப்’ ஒருமை, ‘ஏ நம்பர் ஒஃப்’ பன்மை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டும் மிகப் பிடித்தவை.

இரண்டாவது, காலம் காட்டும் சொல். ‘ஹி இஸ் வேர்க்கிங் இன் த போர்ட் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்ற வாக்கியத்தில் பிழைகள் இரண்டு. ‘மூன்று வருடமாகத் துறைமுகத்தில் வேலை செய்கிறார்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வது அப்படியே ஆங்கிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. முன்பு தொடங்கி இன்றும் நடப்பதற்கு ‘ஹாஸ் பீன் வேர்க்கிங்’ வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளிக்கு உரியது: 2019, திங்கட்கிழமை, காலை. ‘ஃபோர்’ கால நீளத்துக்கு உரியது: மூன்று வருடம், பத்து நிமிடம். பரீட்சையில் வினை, காலம் காட்டும் சொல் ஆகிய இரண்டில் ஒன்றைச் சரியாக வைத்து மற்றதைக் கெடுத்திருப்பார்கள். ‘ஃபோர்’ சரியாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டு வினையை விட்டுவிடுவதுதான் புள்ளி போகும் இடம். இதன் மறுபக்கமும் உண்டு. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘இன் 2019’ போன்ற முடிந்துபோன காலம் வாக்கியத்தில் இருந்தால் ‘ஹாஸ் கம்’, ‘ஹேவ் சீன்’ முதலியவை நிற்க முடியாது. நிபந்தனை சொல்லும் ‘இஃப்’ பகுதிக்குள் எதிர்காலத்தைக் குறிக்க ‘வில்’ வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது முன்னிடைச்சொல். ‘டிஸ்கஸ் எபவுட்’, ‘மென்ஷன் எபவுட்’ இரண்டும் நமது ‘பற்றி’ போய் ஒட்டிக்கொண்டவை. அந்த வினைகள் செயப்படுபொருளை நேரே ஏற்கும். ‘எம்ஃபசைஸ் ஒன்’ என்பதும் அப்படித்தான். ஆனால் பெயர்ச்சொல்லானால் நிலைமை மாறும். ‘ஏ டிஸ்கஷன் எபவுட்’, ‘ஏ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்’ சரியானவை. வினையா பெயரா என்று பார்க்காமல் ‘எபவுட்’ கண்ட இடமெல்லாம் வெட்டினால் சரியானதும் போய்விடும். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவற்றோடு வருவது ‘டு’.

‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘எக்விப்மென்ட்’, ‘அட்வைஸ்’ நான்கிற்கும் ‘ஸ்’ சேர்க்கக் கூடாது என்பது பலருக்கும் தெரிந்ததே. ‘ஏ’, ‘அன்’ தெரிவு எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது: ‘அன் அவர்’, ‘ஏ யுனிவர்சிட்டி’. ‘த’ வை மட்டும் கடைசியாகப் பாருங்கள். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லாததால் ஒவ்வொரு ‘த’ வும் பிழையாகத் தோன்றி நேரத்தைத் தின்னும்.

வகுப்புகளில் இன்னொரு குறையும் இருக்கிறது. பயிற்சித்தாளில் எல்லா வாக்கியங்களுமே பிழையானவை. அதில் பழகிய பிள்ளை சரியான வாக்கியத்தையும் திருத்தும். ‘டென் தௌசண்ட் ருபீஸ் இஸ் எனஃப்’ சரி, ஏனென்றால் தொகை ஒரே அலகு. ‘த நியூஸ் இஸ்’, ‘இஃப் ஐ வேர் யூ’, ‘தே சஜெஸ்டட் தட் ஹி பி டிரான்ஸ்ஃபர்ட்’ மூன்றும் சரி. ‘த கமிட்டி ஹேவ்’ பிழை என்று சில வழிகாட்டிகள் அடித்துச் சொல்கின்றன. உறுப்பினர்களைத் தனித்தனியே கருதும்போது பிரித்தானிய ஆங்கிலம் அதை ஏற்கிறது. இந்திய வங்கிப் பரீட்சை நூல்களை வைத்துப் படிப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பிழையுள்ள பகுதியின் எழுத்தைக் குறித்தால் போதும். நமது பரீட்சையில் வாக்கியத்தைத் திருத்தி எழுதக் கேட்டால் பிழையான சொல்லை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் புதிதாக எழுதப்போய் இன்னொரு பிழையை உண்டாக்குவது வழக்கமாக நடக்கிறது.

தங்கள் கல்விப் பக்கத்திலும் விடையின் எழுத்தை மாத்திரம் அச்சிடாமல், எந்தச் சொல், ஏன் பிழை என்பதை ஒரு வரியில் சேர்த்தால் வகுப்புக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவும். ஒவ்வொரு பத்து வாக்கியத்திலும் இரண்டு மூன்றாவது பிழையில்லாதவையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.