பொலிஸ் வாக்குமூலத்தை நீக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவருவது பற்றிய தங்கள் தலையங்கத்தை வாசித்தேன். 1979இல் மூன்று வருடங்களுக்கு என்று கொண்டுவந்த சட்டம் 1982இல் நிரந்தரமாகி, இன்றுவரை எங்களை விட்டபாடில்லை. 2022 திருத்தத்தில் தடுப்புக்காவல் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைந்தது. சரி, ஆனால் ஆளை வருடக்கணக்கில் உள்ளே வைப்பது பெரும்பாலும் வாக்குமூலம்தான். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத தரமுள்ள அதிகாரியிடம் கொடுத்ததை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். அது வற்புறுத்தி வாங்கியது என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

பக்கத்து வீட்டு மாமியின் மகனை இந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். மாமிக்குத் துணையாக இரவு பஸ்ஸில் கொழும்புக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். "சிங்களத்தில எழுதியிருந்தது அம்மா, வாசிக்கத் தெரியாமல்தான் கையெழுத்து வைச்சனான்" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சொன்னபோது, கொடுக்க அனுமதி கிடைக்காத பனங்கட்டிக் குட்டானை மாமி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

புதிய சட்டத்துக்கு எந்தப் பெயரையும் வைக்கட்டும். பொலிஸாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவு அதில் இருக்கக் கூடாது. வாக்குமூலம் வேண்டுமென்றால் நீதவான் முன்னிலையில், சட்டத்தரணி பக்கத்தில் இருக்க, அவரவர் மொழியிலேயே பதிவு செய்யட்டும். பழைய வாக்குமூலங்களை மட்டும் நம்பி நடக்கும் வழக்குகளையும் சட்டமா அதிபர் திணைக்களம் உடனே மீளாய்வு செய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்