தம்பிக்கு, அப்பா திதிக்கு முன்னாடி ஒரு கடிதம்

தம்பி,

திதிக்கு நீ குரூப்ல போட்ட சாமான் லிஸ்ட்ட பார்த்தேன். சமையலுக்குச் சொன்னது, ஐயருக்குச் சொன்னது எதுலயும் எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி அம்மா என்கிட்ட சொன்ன ஒரு விஷயத்த உன்கிட்ட சொல்லியாகணும், அதச் சொல்லணும்னா அப்பா இறந்த அன்னைக்கு ராத்திரியில இருந்துதான் ஆரம்பிக்கணும், போன்ல ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷமே நாம கத்திக்குவோம். அதான் எழுதுறேன். நம்ம சொந்தக்காரங்களும் இதப் படிப்பாங்கன்னு தெரியும். நீயும் அத்தன பேரு முன்னாடிதான கேட்ட, பதிலும் அவங்க முன்னாடியே இருக்கட்டும். யாரு பேரும் வேணாம், பணக் கணக்கும் வேணாம்.

"சாவு வீட்டுல அம்மாவ வேலை வாங்குறியா, உனக்கு மனசாட்சி இருக்கா"ன்னு கேட்ட.

நீ பெங்களூர்ல இருந்து பஸ் ஏறிட்டேன்னு சொன்ன நேரம். ஃப்ரீசர் பாக்ஸ் வந்து அப்பாவ உள்ள வச்சாச்சு. சொந்தத்துல ஒருத்தர் போனக் கையில வச்சுக்கிட்டு, "போஸ்டருக்கு மேட்டர் சொல்லும்மா, இமயம் சரிந்ததுன்னு போட்ரவா"ன்னு கேட்டாரு. எனக்கு அப்பதான் முத தடவையா நெஞ்ச அடைச்சுச்சு. ஏன்னா இத்தன வருஷம் அச்சகம் நடத்துன அப்பா அந்த வரிய எந்தச் சாவுக்கும் தானா அச்சு கோத்தது கிடையாது. வந்து நிக்கிறவங்கள பெஞ்சுல உக்கார வச்சு, தண்ணி குடுத்து, "அவரு எதுக்குக் கோவப்படுவாரு? சாயந்திரம் எங்க உக்காந்திருப்பாரு? யாருக்கு என்ன செஞ்சாரு?"ன்னு பொறுமையா கேப்பாரு. சிவலோக பதவி, இறைவனடி, கர்த்தருக்குள் நித்திரை, வஃபாத்து, அவங்கவங்க முறைக்கு எது உண்டோ அத மேல போட்டுட்டு, கீழ அந்த ஆளுக்குன்னு ஒரு வரி. பூக்கார ஆச்சிக்கு "இந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் பூ குறைய விடாதவர்"னு போட்டாரே, அத அந்த வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காங்க. கருமாதி பத்திரிகைய வாசிச்சதும் கிழிச்சுப் போடுற ஊர்ல. அப்படிப்பட்ட மனுசனுக்கு எவனுக்கோ எழுதுன வரிய ஒட்டி அனுப்ப எனக்கு மனசு வரல.

அச்சு எழுத்து கோக்குற கம்பாசிட்டர் மாமாவுக்கு ஆள் அனுப்புனேன். கை நடுங்குது அவருக்கு, இருந்தாலும் வந்தாரு. அச்சக ஷெட்டத் தொறந்து லைட்டப் போட்டா, ஈய எழுத்துப் போட்டு வைக்கிற கேஸ் மேல எல்லாம் தூசி. ஆஃப்செட்டு வந்து, அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து, ஊர்ல எல்லாரும் ஈய எழுத்த கிலோ கணக்குல பழைய இரும்புக் கடைக்குப் போட்டப்ப அப்பா மட்டும் ரெண்டு கேஸ விக்காம வச்சிருந்தாரு பாரு, அதுலதான் அப்பாவுக்குப் பத்திரிகை கோத்தோம். நான் சொல்ல மாமா, எழுத்த வரியா அடுக்குற ஸ்டிக்குல ஒவ்வொண்ணா வச்சாரு. "நம்ம ஊர் எல்லா வீட்டு நல்லது கெட்டதையும் முதலில் வாசித்தவர். வாழ்நாள் எல்லாம் நின்றே வேலை பார்த்தவர்." வேலைல வர்ற 'லை'க்கு புது எழுத்து ஒண்ணு கூட மிஞ்சல, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை'தான் கெடச்சுச்சு. 1978ல சீர்திருத்தம் வந்து எல்லா அச்சகமும் அத ஒதுக்கிருச்சு, அப்பா ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்காரு. மறுநாள் அத்தை மகன் வந்து "எழுத்து தப்பா அடிச்சிருக்கீங்க"ன்னு சொன்னான், பெரியவங்க ஒருத்தர் கூட அப்படிச் சொல்லல, வெரல வச்சுத் தடவிப் பார்த்தாங்க.

ப்ரூஃப் எடுத்து, கோத்த எழுத்த ஃபாரமா முடுக்கி, கால்ல மிதிக்கிற ட்ரெடில் மிஷின்ல ஏத்தி, மையத் தடவி நான்தான் மிதிச்சேன். நீயும் நானும் போட்டி போட்டு மிதிச்ச மிஷின்தான். அந்தச் சத்தம் வீட்டுக்குள்ள கேட்டிருக்கு.

அம்மா வந்தாங்க. யாரும் கூப்பிடல, தம்பி. நான் கூப்பிடல, மாமா கூப்பிடல. சாயந்திரத்துல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, பொம்பளைங்க எல்லாம் "அழுதுரு, அழுதுரு"ன்னு தோளப் புடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்தாங்க, அப்பயும் வரல. ஷெட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் வழக்கமா உக்கார்ற மணைய இழுத்துப் போட்டு உக்காந்து, நான் எடுத்து வைக்க வைக்க ஒவ்வொரு தாளா மடிக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்பா அடிக்க அடிக்க அம்மாதான மடிச்சாங்க, ஓரம் பிசகாம, நகத்தால ஒரு இழுப்பு இழுத்து, நூறுக்கு ஒரு கட்டு. மை காயாதும்மான்னு மாமா சொன்னாரு, கேக்கல. முதக் கட்டு முடிஞ்சு நூல் சுத்துறப்ப அப்பா பேரச் சொன்னாங்க. நான் பொறந்ததுல இருந்து அவங்க வாயால அப்பா பேரக் கேட்டதில்ல. பேரச் சொல்லி, "யாருக்கு அடிச்சிருக்கேன்னு பாரு, பாருய்யா"ன்னு அந்தத் தாள்கிட்டயே சொல்லிச் சொல்லி அழுதாங்க. மாமா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் மிஷின நிறுத்தப் போனேன், "நிறுத்தாத"ன்னாங்க. அவங்க அழ, நான் மிதிக்க, விடிஞ்சிருச்சு.

அந்த நேரத்துலதான் நீ வந்து இறங்குன. அப்பா பக்கத்துல நானும் இல்ல, அம்மாவும் இல்ல. வந்தவன் கண்ணுக்கு முதல்ல பட்டது அம்மா விரல்ல கருப்பு மையி. அது உனக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரியாமயா இருக்கு? ராத்திரி பூரா பஸ்ஸுல ஒத்தையா அழுதுக்கிட்டு வந்திருப்ப. உன்ன அப்படி ஒரு கோலத்துல வீடு வரவேத்ததுக்கு எனக்கு வருத்தம்தான், மன்னிச்சுக்க. ஆனா செஞ்சத தப்புன்னு சொல்லச் சொல்லாத. நீ கட்டப் புடுங்கித் தூர வச்ச பாரு, அப்ப அம்மா வெறுங்கைய மடியில வச்சுக்கிட்டு உன்னப் பார்த்தாங்களே, அத நீ பார்க்கல.

நீ சொல்லி அடிச்ச ஃப்ளெக்ஸையும் நான் ஒண்ணும் சொல்லல, வாசல்ல கட்ட விட்டேன். அப்பாவுக்கு கோட்டு மாட்டி, பின்னாடி பனிமலை வச்சிருந்தான். அப்பா கோட்டே போட்டதில்லடா. மை படிஞ்ச முண்டா பனியன்தான அவரு. சொர்க்க ரதத்துக்கும் மத்ததுக்கும் நீதான் செலவு பண்ணுன, கொள்ளி வச்சு எல்லா முறையும் குறையில்லாம செஞ்ச, அத யாருகிட்டயும் மறைச்சதில்ல. ஆனா தத்தநேரி சுடுகாட்டுக்குக் கிளம்புறப்ப அந்த ஸ்டிக்க அப்பா கைக்குள்ள வைக்கிறேன்னு சொன்னதுக்கு "இரும்பெல்லாம் கூடாது"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்ட. சரி, எரிக்கிற கேஸ் அடுப்புக்குள்ள வைக்கக் கூடாதுதான், தெருமுனை வரைக்குமாவது வச்சிருக்கலாம்ல.

"எந்த ஊர்ல இப்படிச் செய்றாங்க"ன்னும் கேட்டல்ல. நாட்டியம் ஆடுன மிருணாளினி சாராபாய் 2016 ஜனவரியில அகமதாபாத்ல இறந்தப்ப, மகள் மல்லிகா அம்மா உடம்பு முன்னாடி ஆடித்தான் அனுப்பி வச்சாங்க. அவங்க வாழ்க்கையே ஆட்டம்தான. மிருணாளினியோட அக்கா கேப்டன் லட்சுமி, நேதாஜி படையில இருந்தவங்க, நம்ம சென்னையில டாக்டருக்குப் படிச்சவங்க, 2012ல கான்பூர்ல இறந்தாங்க, உடம்ப அங்க மெடிக்கல் காலேஜுக்கே குடுத்துட்டாங்க. கலைஞருக்கு 2018ல அந்தப் பேழை மேலயே எழுத்தப் பொறிச்சுத்தான அடக்கம் பண்ணுனாங்க, டிவியில நீயும்தான பார்த்த. ஆடுனவங்களுக்கு ஆட்டம், டாக்டரா இருந்தவங்களுக்கு மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க, எழுதுனவருக்கு எழுத்து. அச்சடிச்சவருக்கு அச்சு, அவ்வளவுதான் நான் நெனச்சது. முறைய நான் எங்கயும் மாத்தல, அதுக்குள்ள அவருக்குன்னு ஒரு இடம் கேட்டேன்.

முறை முறைன்னு சொல்லி பதினாறாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு நடந்ததப் பத்தி இங்க எழுத மாட்டேன். அம்மாவும் இதப் படிச்சுக் கேப்பாங்க. நீ மாடியில போய் நின்னுக்கிட்ட, அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு.

உனக்கு ஒண்ணு தெரியுமா, அந்த டப்பாக்குள்ள பழைய எழுத்தோட ஒரு சின்னக் கட்டு, நூல் சுத்தி இருந்துச்சு. உன் பேரும் இனிஷியலும். ஸ்கூல் நோட்டுல எல்லாம் குத்தித் தருவாருல்ல, அதுதான். பிரிச்சு கேஸ்ல திரும்பப் போடாம அப்படியே வச்சிருந்தாரு. என் பேரு கட்டத் தேடிப் பார்த்தேன், இல்ல. பரவால்ல. உன்னோடத எடுத்து வச்சிருக்கேன், வர்றப்ப வாங்கிக்க.

இப்ப அம்மா விஷயம். அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத. "அவருக்கு நீ செஞ்ச மாதிரி எனக்கு நானே சொல்லி வச்சிர்றேன்"னு சொல்லி எழுத வச்சாங்க. முதல்ல கண் தானம். கண்ணாடி போட்ட கண்ணு ஆகுமான்னு கேட்டாங்க, சக்கரை இருக்கேன்னாங்க, ரெண்டும் தடையில்லன்னு சொன்னேன். உயிர் போன 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதுவரைக்கும் ஃபேன நிறுத்திட்டு, கண்ண மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், தலைக்கு தலகாணி வச்சு ஒசத்தணும். எழுதிக் குடுத்திருந்தாலும் அந்த நேரத்துல வீட்டு ஆளுங்க சம்மதிச்சாதான் எடுப்பாங்க, அதனாலதான் உன்கிட்ட இப்பவே சொல்றேன். அடுத்தது, மைக் செட்டு வேணாமாம், தெருப் பொம்பளைங்க வாயால பாடுற ஒப்பாரிதான் வேணுமாம். கோடிச் சேலை எத்தன வந்தாலும் மேல அந்த மஞ்சள் சுங்குடிதான் இருக்கணுமாம். பூவும் பொட்டும் வச்சு அனுப்பணுமாம். இத அவங்க சொன்னப்ப நான் எதுவும் திருப்பிக் கேக்கல. நீயும் கேக்காத. பத்திரிகைய ட்ரெடில்ல அடிக்கணும், மடிக்கிறது உன் மகள்தான் மடிக்கணும், ஓரம் பிசகக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. திதிக்கு வர்றப்ப பிள்ளைய கூட்டிட்டு வா, அவங்களே உக்கார வச்சுக் கத்துக் குடுப்பாங்களாம்.

நான் செய்வேன், நீ சம்மதிச்சாலும் சம்மதிக்கலைன்னாலும் செய்வேன்னு இங்கயே வீம்பா எழுதிட்டுப் போயிரலாம். ஆனா அம்மா அதக் கேக்கல, "அவன் என்ன சொன்னான்"னுதான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கேக்குறாங்க. எனக்குப் பதில் போட வேணாம், குரூப்லயும் வேணாம். மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருப்பாங்க, அந்த நேரமாப் பார்த்து அம்மாவுக்கு போன் பண்ணு.

அக்கா