பெயர் மட்டும் இரண்டு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருந்தினருக்கென ஆக்சஸ் பாயிண்டில் (வைஃபை அலையைப் பரப்பும் கருவியில்) இரண்டாவது வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ரூட்டருடன் வெறும் பாலமாக இணைந்திருக்கும் ஆக்சஸ் பாயிண்டில், விருந்தினர் வலையைத் தனி விலான் (ஒரே கருவிகளிலும் கம்பிகளிலும் வலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) எண்ணில் பிரித்து, அந்த எண்ணை ரூட்டரும் இடையில் கம்பிகளை இணைக்கும் சுவிட்ச் கருவியும் அறியச் செய்யாவிட்டால், பெரும்பாலும் வந்தவரின் கைபேசியும் நம் கணினியும் ஒரே வலையில்தான் கிடக்கும். நானும் அப்படித்தான் ஏமாந்திருந்தேன். விருந்தினர் வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் என் ரூட்டரின் முகவரியான 192.168.1.1 என்று தட்டியதும், அதன் நிர்வாக நுழைவுப் பக்கம் சாவகாசமாகத் திறந்தது. விலானைப் பிரித்து, அங்கிருந்து உள்வலைக்கும் அந்த நிர்வாகப் பக்கத்துக்கும் செல்லும் வழியை ரூட்டரின் ஃபயர்வாலில் (போக்குவரத்தைத் தடுக்கும் அமைப்பில்) அடைத்த பிறகே அது நின்றது. வைஃபை வழங்குவோர் அனைவரும் இந்தச் சிறு சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்