வேலை விஷயமாகத் தாயிக்கு

அன்புள்ள தாயி,

ஹவுஸ் சர்ஜன் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது. பொது சுகாதாரத் துறைக்குப் போகலாமா, மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்கு இன்னொரு வருஷம் உட்காரலாமா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

அரசு வேலைக்கு வாசல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு. அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. பத்தாம் வகுப்புத் தரம், 50க்கு 20 எடுத்தால் போதும். அந்த மார்க் தரவரிசையில் சேராது, ஆனால் அது வராவிட்டால் உன் மருத்துவத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நீ பள்ளியில் இந்தி எடுத்தவள். இப்போதே இலக்கணத்தைத் தூசி தட்டு.

தேறிய பிறகு எந்த இயக்ககம் என்ற கேள்வி வரும். பெரியாஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜும் மருத்துவக் கல்வி இயக்ககத்தில். உசிலம்பட்டி, மேலூர் மாதிரி ஆஸ்பத்திரிகள் ஊரக நலப் பணிகளில். ஆரம்ப சுகாதார நிலையங்கள் (பி.எச்.சி.) பொது சுகாதாரத்தில். நம் மாநிலத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககமும் 1939லிருந்து தனிச் சட்டமும் இருக்கின்றன. பல மாநிலங்களில் அப்படிக் கிடையாது.

சேருகிறவர்களில் பலருக்கு பி.எச்.சி. என்பது பிஜி கிடைக்கும்வரை தங்கும் சத்திரம். பணியில் இருப்பவர்களுக்கு மாநிலம் ஒதுக்கீடு கொடுக்கலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே மாநில இடங்களில் பாதி அவர்களுக்குத்தான். அந்தக் கணக்கோடு போவது தப்பில்லை. ஆனால் ரேடியாலஜிக்காகக் காத்திருக்கிறவளுக்கு ஊரில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. நீ இந்த வேலையையே செய்யப்போகிறாய் என்றால் பொது சுகாதாரப் பட்டயமோ கம்யூனிட்டி மெடிசின் எம்.டி.யோ முடி. மாநகர் நல அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் (நேற்றுவரை துணை இயக்குநர் என்றவர்), இணை இயக்குநர் என்று ஏணி அங்கிருந்துதான் ஏறுகிறது. அந்தப் படிப்பு இல்லாமல் எத்தனை வருஷம் ஓ.பி. பார்த்தாலும் அந்தப் பக்கம் நகர முடியாது.

வேலை எப்படி என்று கேட்டாயே, ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். அன்று தடுப்பூசி நாள். தடுப்பூசிகளை வைக்கும் குளிர்பெட்டியில் (ஐ.எல்.ஆர்.) வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் எழுத வேண்டும், ஞாயிறும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைத் திங்களன்று நிரப்பியிருக்கிறார்களா என்று முதலில் பார். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஏழு நாளும் ‘4’ என்றிருந்தால் யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. பெண்டாவேலண்ட், ஹெபடைடிஸ்-பி, டி.டி. தடுப்பூசிகள் எல்லாம் உறைந்தால் வீண். அதனால் அவை மேல் கூடையில் இருக்க வேண்டும், அடித்தட்டில் அல்ல. குப்பி லேபிளில் இருக்கும், நிறம் மாறும் அடையாளம் (வி.வி.எம்.) சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்ட குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார். அதே வேகத்தில் வண்டல் இறங்கினால் தூக்கிப் போடு. கிராமத்துக்குப் போகும் கேரியரில் நாலு ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்கக் கூடாது. வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்க வேண்டும். செவிலியருக்கு அவசரம் இருக்கும், வெயிலுக்கு முன்னால் சப் சென்டர் போக வேண்டும். அந்தச் சில நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதே.

டெங்குவும் அப்படித்தான். மதுரையில் குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்களில் டிரம், குடம், தொட்டி என்று பிடித்து வைப்பார்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால்தான் பயன். வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். 100 வீடு பார்த்து, 8 வீடுகளில் 12 பாத்திரங்களில் கொசுப்புழு கிடைத்தால் வீடுகளை எண்ணும் வீட்டுக் குறியீடு 8, பாத்திரங்களை எண்ணும் பிரெட்டோ குறியீடு 12. இந்த எண் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி வந்தால், அது டீக்கடையில் உட்கார்ந்து எழுதிய எண். நீயே நாலு வீடு ஏறு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல், இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த வேலையும் கண்ணில் படும். பெரும்பாலும் பதினோரு மாதம். அனுபவத்துக்கு நல்லது, ஏணி கிடையாது. யு.பி.எஸ்.சி. நடத்தும் மத்திய அரசு மருத்துவர் தேர்வு (சி.எம்.எஸ்.) எழுதினால் ரயில்வே, மத்திய சுகாதாரப் பணி. வயது வரம்பு ரயில்வேக்கு 32, மத்திய சுகாதாரப் பணிக்கு 35 என்பதை மறக்காதே. நோய்ப்பரவல் ஆய்வில் மனசு இருந்தால் சென்னையில் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம் (என்.ஐ.இ.), டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (என்.சி.டி.சி.) இரண்டு வருஷ நோய்ப்பரவல் புலனாய்வுப் பயிற்சி (இ.ஐ.எஸ்.). கொசு ஆராய்ச்சிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை, நம் மதுரை சின்ன சொக்கிகுளத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நிலையம் இருக்கிறது.

ஹவுஸ் சர்ஜன் சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவை முடி. சாதிச் சான்றிதழில் உன் பெயரின் எழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துச் சொல். வேறாக இருந்தால் தாலுகா ஆபீசுக்கு நான் அலைந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா