இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறவனுக்கு அத்தை எழுதுவது

அன்புள்ள மருமகனே,

இருபது வருடத்துக்கு முன்பு ஓடிய ஒரு சரித்திரப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்க உன் தயாரிப்பாளர் ஆசைப்படுகிறார், கதை விவாதத்தில் நீயும் உட்கார்ந்திருக்கிறாய், ஆனால் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். "பழைய பெயரைக் காட்டிக் கல்லாவை நிரப்புகிற வேலை அத்தை, வேறு ஒன்றுமில்லை" என்பது உன் தீர்ப்பு. முதல் பாகம் மட்டும் என்ன, தர்மத்துக்கா எடுக்கப்பட்டது? கல்லாவை வைத்து வாதாடினால் சினிமாவில் ஒன்றும் மிஞ்சாது. பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கே பொதுவில் எழுதுகிறேன். உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் உதவி இயக்குநர்களும் படிக்கட்டும்.

என் கட்சி இதுதான். தாமதமாக வருவதில் ஒரு பிழையும் இல்லை. முதல் படம் யாருடைய கணக்கைத் தீர்க்காமல் விட்டதோ அவரைத் தேடிப் போகிற இரண்டாம் பாகம் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் வரட்டும். தீர்ந்துபோன கணக்கைத் திரும்பத் திறந்து, அதே கூட்டலை அதே விடைக்குப் போட்டுக் காட்டுகிறவனைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ உதாரணமாகக் காட்டிய ரோமாபுரிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ரிட்லி ஸ்காட்டின் 'கிளாடியேட்டர்' 2000-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2024-ல். இருபத்து நான்கு வருடம். முதல் படத்தின் கடைசியில் கதாநாயகன் மாக்சிமஸ் சாகிறான். சாகும்போது ரோம் மறுபடி செனட்டின் கைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்த வாக்கு நிறைவேறியதா? சரித்திரம் இல்லை என்கிறது. பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ஆகத் தீராத கணக்கு ஒன்று அங்கே இருந்தது. தாய்மாமனான பேரரசன் கொமோடஸ் அரங்கத்தில் சாவதைப் பார்த்த லூசியஸ் என்ற சிறுவனும் இருந்தான். இரண்டாம் பாகம் சரியான பிள்ளையைத்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தது.

வந்து என்ன செய்தது? அவனுக்கும் மனைவியைச் சாகடித்தது. அவனையும் அடிமையாக்கியது. அதே அரங்கம், அதே பழி. போதாததற்கு அவன் மாக்சிமஸின் மகன்தான் என்றும் சொல்லிவிட்டது. முதல் படத்தில் அந்த மனிதனின் பலமெல்லாம் ஸ்பெயினில் விட்டுவந்த மனைவியும் மகனும்தானே. அதற்கு முதல் படத்திலேயே ஜாடை இருக்கிறது என்று நீ வாதாடுவாய். இருக்கிறது. ஜாடையாகவே இருந்தவரை நன்றாக இருந்தது.

அரங்கத்தில் தண்ணீரை நிரப்பிக் கப்பல் சண்டை நடத்தியதாகப் பழைய ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் சுறாக்களை விட்டார்களே! சுறாவைப் பற்றி நம் தூத்தூர் மீனவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தியேட்டரில் உன் மாமா சிரித்ததில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் படத்தில் உயிர்ப்போடு தெரிந்த ஒரே ஆள் டென்சல் வாஷிங்டன் நடித்த மக்ரினஸ். மக்ரினஸ் என்ற பெயரில் சரித்திரத்தில் உண்மையிலேயே ஒருவர் 217-218-ல் ரோமை ஆண்டார். படத்து மக்ரினஸ் ஒரு முன்னாள் அடிமை. யாருடைய அடிமை? முதல் படத்தில் ஞானியாகவும் எல்லாருக்கும் தந்தையாகவும் தெரிந்த மார்க்கஸ் அரேலியஸின் அடிமை. நாம் கண்ணீர் விட்டுப் பார்த்த நல்ல ராஜாவை, உடம்பில் அவருடைய சூட்டுக்குறியைச் சுமந்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருப்பார்? இருபத்து நான்கு வருடம் காத்திருந்ததற்கு அந்த ஒரு கேள்வி போதும். படம் அதை இடையில் தொட்டுவிட்டு மறுபடி வாளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவனுடைய படமாக எடுத்திருந்தால் நீ இப்படி எழுதியிருக்க மாட்டாய், நானும் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

'இந்தியன்' முழுச் சரித்திரப் படம் இல்லை என்றாலும் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். 1996-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2024-ல். முதல் படத்தின் முடிவில் சேனாபதி தப்பித்து வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகிறார். திரும்பி வருவதற்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். திறந்த கதவு வேறு, தீராத கணக்கு வேறு. அந்தப் படத்தில் தீராமல் நின்றது ஒரு தாயின் கணக்கு. பெற்ற மகனைக் கட்டிய கணவனே கொன்றுவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு அவள் யாரோடு, எந்த வீட்டில், என்ன சமைத்துச் சாப்பிட்டாள்? கேட்கவில்லை. ஊழல் செய்கிறவர்களைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் படத்தில் நாற்பதைத் தாண்டிய கமல்ஹாசன் மணிக்கணக்கில் ஒப்பனை போட்டுக் கிழவரானார். இரண்டாம் படம் வந்தபோது அவருக்கே எழுபதை நெருங்கிவிட்டது. அப்போதும் முகத்தை ஒப்பனையால்தான் மூடினார்கள். காலம் இலவசமாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

தாமதத்தால் கிடைக்கிற ஒரே உருப்படியான லாபம் இந்த முகம்தான் மக்களே. ரோமாபுரிப் படத்தில் லூசியஸின் தாய் லூசில்லாவாக அதே கோனி நீல்சன் திரும்பி வந்து நின்றபோது, வசனம் எதுவும் தேவைப்படவில்லை. இருபத்து நான்கு வருடமும் அந்த முகத்தில் இருந்தது. சேகர் கபூர் 1998-ல் எடுத்த 'எலிசபெத்' படத்துக்கு 2007-ல் அடுத்த பாகம் எடுத்தபோதும் கேட் பிளான்செட்டையே அந்த ராணியாக வைத்தார். அந்தப் படத்தில் உடைகளும் கப்பல்களும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஆட்சியில் பழுத்துப்போன ஒரு பெண்ணின் அலுப்பு நடிக்காமலே கிடைத்தது. உன் தயாரிப்பாளர் பழைய கதாநாயகனைக் கணினியில் இளமையாக்கலாம் என்று ஏதாவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடு.

பொன்னியின் செல்வனை இதில் கொண்டுவராதே. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தவை ஒரே கதையின் இரண்டு துண்டுகள், நடுவில் இடைவேளை கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். பாகுபலியும் அப்படியே.

சரி, தமிழில் நியாயமான இரண்டாம் பாகம் கேட்டு நிற்கிற படம் எது? எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. வந்தபோது பாதிப் பேர் திட்டினார்கள். வருடம் போகப் போக அதன் மதிப்பு ஏறியது. 2021 புத்தாண்டன்று தனுஷை வைத்து இரண்டாம் பாகம் என்று செல்வராகவன் அறிவித்தார், 2024-ல் வரும் என்றும் சொன்னார். 2024 போய்விட்டது. அந்தப் படத்தின் முடிவை நினைத்துப் பார். சோழ வம்சத்தின் கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கூலிக்காரன் போகிறான். கதை நடப்பது நம் காலத்தில். அந்தக் குழந்தை இங்கே வளர்ந்தால் என்ன ஆகும்? ரேஷன் அட்டையில் எந்தப் பெயரை எழுதுவார்கள்? தான் யார் என்று தெரியாமல் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குச் சுற்றுலாப் போவானா? இதெல்லாம் பதில் வேண்டிய கேள்விகள். எடுக்காமல் போனால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம் குமரி மாவட்டத்துக்காரனாக இருந்துகொண்டு இரண்டாம் பாகமே வீண் என்று நீ சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். சி.வி. ராமன் பிள்ளை 'மார்த்தாண்டவர்மா' என்ற மலையாள நாவலை 1891-ல் வெளியிட்டார். திருவிதாங்கூர் இளவரசன் தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை அடக்கி அரசனாகிறான், கதை முடிந்தது. அதன் தொடர்ச்சியான 'தர்மராஜா' 1913-ல்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம்! அதில் அடுத்த ராஜாவின் காலத்தில், ஒழிக்கப்பட்ட பிள்ளைமாரின் வழியில் வந்தவர் யோகி வேடத்தில் பழி தீர்க்க வருகிறார். முதல் புத்தகத்தில் வில்லன்களாகச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று யோசிக்க, எழுதியவருக்கே அத்தனை வருடம் ஆனது. ஐந்தாம் வருடமே எழுதியிருந்தால் ராஜா இன்னொரு சண்டையில் ஜெயித்திருப்பார்.

அந்த முதல் நாவலை நாகர்கோவில் சுந்தர் ராஜ் 1933-ல் மௌனப் படமாகத் தயாரித்தது உனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் திரையிட்ட கையோடு, நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட்டுப் படம் முடங்கியது. பிரதி 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கதை விவாதத்துக்கு முன்னால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று உன் தயாரிப்பாளரைக் கேட்டுவிடு, நம்மூர் அனுபவம் அது.

புத்தகத்தை விடு, வில்லுப்பாட்டுக்கு வா. 'தம்பிமார் கதை' அதே மார்த்தாண்டவர்மாவின் கதைதான், ஆனால் பாட்டு அவரிடம் தோற்ற தம்பிமார் பக்கம், அதாவது முந்தைய ராஜாவின் பிள்ளைகள் பக்கம், நிற்கிறது. கோயில் கொடை விழாவுக்கு வில்லடிக்கிற புலவர் கொலையோடு பாட்டை முடித்துவிட்டு எழுந்தால் ஊர் அவரைச் சும்மா விடுமா? கொல்லப்பட்டவர் கயிலாயம் போகவேண்டும், வரம் வாங்கவேண்டும், திரும்பி வந்து கொன்றவனை உலுக்கவேண்டும், பிறகு தனக்கென்று ஓர் இடம் பிடித்து அமரவேண்டும். பாதிப் பாட்டே அதற்குப் பிறகுதான். இங்கே அநியாயமாகச் செத்த எத்தனையோ பேர் இன்று தெய்வங்கள். இரண்டாம் பாகம் செத்தவனுக்கு உரியது என்று நம் பாட்டாக்கள் முடிவு செய்து நாளாகிவிட்டது. ஹாலிவுட்டுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இனி நான் ஆசைப்படுகிற படத்தைச் சொல்கிறேன், திருடிக்கொள். முதல் பாகம் 1741, குளச்சல். டச்சுக்காரர்கள் தோற்கிறார்கள், அவர்களின் தளபதி டிலனாய் பிடிபடுகிறான், மார்த்தாண்டவர்மா மகாராஜா வெற்றி, கொடி, மேளம், எல்லாரும் கைதட்டி வீட்டுக்குப் போகலாம். இதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

பத்து வருடம் சும்மா இரு. அதே நடிகர்களுக்கு நரை விழட்டும். பிறகு இரண்டாம் பாகம், 1752. பிடிபட்ட எதிரி இப்போது அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்கிற வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி. அவனோடு பழகிய அரசாங்க ஊழியர் நீலகண்டப் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆகிவிட்டார். அவரைப் பிடித்து, ஊர் ஊராக இழுத்து, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்கிறார்கள். யாருடைய ஆட்சியில்? முதல் பாகத்தில் நாம் கைதட்டிய அதே ராஜாவின் ஆட்சியில். 2022-ல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நீயும் நாஞ்சில் நாட்டில்தான் இருந்தாய். ஏன் கொன்றார்கள் என்பதில் மதம் மாறியதற்காக என்று ஒரு தரப்பும் ராஜத் துரோகம் என்று மறுதரப்பும் இன்றைக்கும் மோதுகின்றன. மோதட்டும், அதுதான் உன் வசனம். டிலனாய் அந்தச் சேதியைக் கேட்ட இரவில் என்ன செய்தான்? அடுத்த நாள் காலையில் அதே படைக்குக் கவாத்து எடுத்தானா? 1777-ல் சாகும்வரை திருவிதாங்கூரின் சேவகத்தில்தான் இருந்தான். உதயகிரிக் கோட்டையில் அவன் கல்லறைமேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தக்கலையிலிருந்து நடந்தே போய்விடலாம், நீ சிறுவனாக இருந்தபோது அங்கே மான் பார்க்கத்தான் போவாய்.

இந்த இரண்டு படத்தில் முதலாவது இல்லாமல் இரண்டாவது புரியாது, இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது பாதிப் பொய். அப்படி அமைந்தால் மட்டும் எடு. இல்லையென்றால் உன் தயாரிப்பாளரிடம் பழைய படத்தின் பிரதியைத் துலக்கி மறுபடி வெளியிடச் சொல். 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது தியேட்டரில் கூட்டம் நின்றது. செலவும் குறைவு, யாருடைய சாவையும் திருத்தவேண்டியதில்லை.

திங்கட்கிழமை விவாதத்தில் ஒன்றே ஒன்று கேள்: முதல் படத்தில் யாருடைய கதை பாதியில் நிற்கிறது? கதாநாயகனின் பெயரைச் சொன்னால் அந்தப் படம் வேண்டாம். ஒரு வேலைக்காரியின் பெயரையோ, தோற்ற தளபதியின் மகள் பெயரையோ சொன்னால் அங்கேயே இரு, இரவும் பகலும் எழுது. எதுவானாலும் போன படத்தின் சம்பளப் பாக்கியை முதலில் வாங்கிவிடு, உன் அம்மா என்னிடம்தான் புலம்புகிறாள்.

அன்புடன்,
அத்தை
தக்கலை